கிராமமாகாத ஊரில் குழந்தையின் ஒரு நாள்: இலங்கை மலையகத் தோட்டக் குடும்ப வாழ்வு (1900–1950)

தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதியோரில் பெரும்பாலோர் குடிபெயர்வு, கூலி, கடன், தொழிற்சங்கம் ஆகிய வாயில்களின் வழியே அவ்வரலாற்றினுள் நுழைந்துள்ளனர். இவ்வாயில்கள் அனைத்தும் வளர்ந்தோருக்கு உரியவை. குழந்தை இவற்றில் ஏதேனும் ஒன்றின் ஓரத்தில், பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே தென்படுகிறது. மலாயா இரப்பர்த் தோட்டங்கள் பற்றிய ஆய்வுகளிலும் இக்குறை உண்டு. ஆயினும் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்த பலரின் நினைவுக் குறிப்புகள் இங்கே அக்குறையை ஓரளவு நிரப்பியுள்ளன. இலங்கை மலையகத்தைப் பொறுத்தவரை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கு வளர்ந்த குழந்தையின் அன்றாடம் எவ்வாறு இருந்தது என்னும் எளிய வினாவிற்குக்கூட விடையைப் பல இடங்களிலிருந்து பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியுள்ளது.

அவ்வாறு சேர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. சட்ட விதிகள், தொழிலாளர் துறைக் குறிப்புகள், இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகள், மலையக எழுத்தாளர்களின் படைப்புகள், நாட்டார் வழக்காறுகள் ஆகியவற்றிலிருந்து ஒரு நாளின் போக்கை மீட்டெடுக்க முயல்கிறோம். ஒரு நாளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் காலம் நிருவாகத்திற்குச் சொந்தமானது. குழந்தையின் காலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதை நாளின் பொழுதுகளைப் பின்தொடர்ந்தால்தான் கண்டறிய இயலும்.

ஊரும் கிராமமும்

தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அட்டன், டிக்கோயா, டிம்புள்ள, நுவரெலியா, பதுளை ஆகிய மலைப்பகுதிகளில் தமிழர் வாழ்ந்த குடியிருப்புகளைக் கிராமங்கள் என்று அழைக்கலாமா? மக்கள் நெருங்கி வாழ்ந்தனர், கோயில் இருந்தது, திருவிழா நடந்தது, மணவுறவுகள் இருந்தன, சாதிப் பிரிவுகளும் இருந்தன. ஒரு கிராமத்திற்கு வேண்டியவற்றுள் நிலம் ஒன்றைத் தவிரப் பெரும்பாலானவை அங்கிருந்தன. எனினும் சட்டத்தின் கண்ணில் அது கிராமம் அன்று. 1938 ஆம் ஆண்டின் கிராமக் குழுக்கள் பற்றிய திருத்தச் சட்டம் தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளரைக் கிராமக் குழுத் தேர்தல் வாக்குரிமையிலிருந்து விலக்கி நிறுத்தியது. முதலில் இந்தியத் தொழிலாளர் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்த விலக்கு, எதிர்ப்பு எழுந்த பின்னர்த் தோட்டக் குடியிருப்பாளர் என்னும் பொதுச்சொல்லால் மறைக்கப்பட்டது. சொல் மாறியபோதும் விலக்கப்பட்டோர் ஏறத்தாழ அதே மக்கள்தாம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் இதன் நிழல் படிந்திருந்தது. பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கு இருந்த தடை 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே நீங்கியது.

ஆகவே, மலையகக் குழந்தை மலையில் பிறந்தது, ஏழ்மையில் வளர்ந்தது, ஆனால் கிராமத்தில் வளரவில்லை. அது வளர்ந்த இடத்திற்குத் தோட்டம் என்று பெயர். அதன் பாதை, கிணறு, விறகு, கூரை ஆகிய அனைத்தும் ஒரு நிறுவனத்தின் சொத்து. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் கீழே விவரிக்கப்படும் வாழ்க்கையை எந்த நாட்டிலும் காணக்கூடிய மலைநாட்டு வறுமை என்று மட்டுமே கொள்ள நேரிடும்.

காப்பியிலிருந்து தேயிலைக்கு

குழந்தை அங்கு எவ்வாறு வந்தது என்பதும் வரலாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் காப்பித் தோட்டங்களுக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தென் தமிழக மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து சென்றவருள் ஆடவரே மிகுதி. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை 1880களில் மலைகளெங்கும் பரவியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. அதனைக் கொய்ய ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். அதற்குப் பெண்களின் கைகளே ஏற்றவை என்று துரைமார் முடிவு செய்தனர். பெண்கள் வந்தனர், குடும்பங்கள் நிலைத்தன, குழந்தைகள் பிறந்தனர். பேட்ரிக் பீபிள்ஸ் தமது 2001 ஆம் ஆண்டு நூலில், நிலையான குடியிருப்பு காப்பிக் காலத்திலேயே பொதுவாகக் கருதப்படுவதைவிட வலுவாக இருந்தது என்று வாதிடுகிறார். அவர் கருத்து ஏற்கத்தக்கதே. எனினும் தேயிலை வந்த பின்னர்க் குழந்தை தோட்டப் பொருளாதாரத்தின் கணக்கினுள் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. இன்றைய குழந்தை நாளைய கொழுந்துக்காரி. தமிழகத்திலிருந்து புதிய ஆளைத் திரட்டி, மண்டபம் முகாமில் தங்கவைத்து, கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவு அக்குழந்தைக்கு இல்லை.

பெரட்டுக்கு முன்

நாள் தப்பொலியில் தொடங்கியது. வெள்ளி முளைக்கும் வேளையில் தப்படிப்பவர் லயங்களுக்கு அருகே நின்று அடிப்பார். மலாயாத் தோட்டங்களில் பெரட்டு என்று நாம் அறிந்த அதே சொல்லே அங்கும் வழங்கியது. பெரட்டுக் களத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புவர். நேரத்திற்கு வராதவருக்கு அன்று பேர் இல்லை. பேர் என்பது இங்கு ஒரு நாள் கூலிக்கான பதிவைக் குறிக்கும் தோட்டத்து வழக்கு. அரைநாள் கூலி அரைப்பேர் எனப்பட்டது. கூலியும் பெயரும் ஒரே சொல்லாய் அமைந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒருவரது பெயர் செக்ரோலில் ஏறும் நாளே அவர் தோட்டத்திற்குள் பிறக்கும் நாள் என்னும் பொருளை அது தந்துவிடுகிறது.

தாய் தப்பொலிக்கு முன்பே எழுந்திருப்பாள். லயத்துக் காம்பரா பொதுவாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவினது. பல லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசைகளாகக் கட்டப்பட்டிருந்தமையால் பின்சுவரில் சாளரம் இருப்பதில்லை. முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை. அங்கேயோ அறையின் மூலையிலோ அடுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகளான மிலாறு விறகாயிற்று. நான்காயிரம், ஐயாயிரம் அடி உயரத்தில் விடியற்காலைக் குளிர் கடுமையானது. நுவரெலியாப் பகுதியில் தை மாத இரவுகளில் உறைபனி படிவதும் உண்டு. ஆகவே புகை பிள்ளைகளுக்குத் தொல்லையாகவும் வெப்பம் காக்கும் போர்வையாகவும் ஒருங்கே இருந்தது. பெற்றோர், பிள்ளைகள், சில வீடுகளில் பாட்டியும் என அனைவரும் அவ்வொரே அறையில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பர். தனியறை, படுக்கை, பிள்ளைக்கான மூலை போன்ற கருத்துகளுக்கே அங்கு இடமில்லை.

காலை உணவு முந்தைய இரவின் சோறு அல்லது ரொட்டி. உடன் பாலில்லாத சாயத்தண்ணீர். தோட்டத்தில் விளைந்த உயர்தரத் தேயிலை ஏலத்திற்குச் சென்றது. விளைவித்தோர் குடித்தது கடைசித் தரத் தூள். இம்முரண்பாடு மேடைகளில் அடிக்கடி சொல்லப்பட்டுத் தேய்ந்துவிட்டது என்றாலும் உண்மையே.

பிள்ளைக்காம்பரா

தாய் மலையேறும்போது கைக்குழந்தை எங்கே செல்லும்? முற்காலத்தில் குழந்தையை முதுகிலோ இடுப்பிலோ சுமந்து மலைக்குக் கொண்டு சென்று, மரக்கிளையில் சேலையால் தூளி கட்டி, மூத்த பிள்ளையைக் காவலுக்கு நிறுத்தினர். நிழலுக்காகத் தேயிலைக்கிடையே நடப்பட்ட மரங்கள் இதற்கும் உதவின. பின்னர்த் தோட்டந்தோறும் பிள்ளைக்காம்பரா ஏற்பட்டது. நம் நாட்டில் ஆயாக்கொட்டகை எனப்பட்டதற்கு ஒப்பானது இது. வேலை செய்ய இயலாத முதிய பெண் ஒருத்தி நாற்பது ஐம்பது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாலும் வியப்பில்லை. பல தோட்டங்களில் தாய்மார் பாலூட்டுவதற்காக இடையில் வந்து செல்ல அனுமதிக்கப்பட்டனர். கொழுந்து மலை தொலைவில் இருந்த நாளில் அவ்வனுமதி ஏட்டளவில்தான் நின்றிருக்கும்.

பிள்ளைக்காம்பராவைத் தோட்ட நிருவாகத்தின் அறச்செயலாகக் காட்டும் குறிப்புகள் பலவுண்டு. தோட்டங்களில் சிசு மரணம் நீண்ட காலம் மிகுதியாக இருந்தது. 1912 இல் மருத்துவ வசதிச் சட்டம் வந்தமைக்கும் அத்தகைய நிலையே பின்னணி. அவ்வகையில் குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பால் கொடுத்ததும் மருந்து கொடுத்ததும் பயனளித்தவையே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதன் முதற்பயன் தாயின் இரண்டு கைகளும் விடுபட்டமையே. பேறுகாலச் சலுகைச் சட்டம் 1939 இல்தான் வந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளை பெற்ற பெண் எத்தனை நாளில் மலைக்குத் திரும்பினாள் என்பதைப் பெரும்பாலும் அவ்வீட்டு அரிசிப்பானையே முடிவு செய்தது.

பத்து மணி

நாளின் நடுப்பகுதியில் பள்ளி வருகிறது. நமது ஆய்வின் மையமும் இதுவே.

1907 ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரைக் காலை பத்து மணிக்கு முன் வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று விதித்தது. இவ்விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். பத்து மணிக்குப் பின் ஈடுபடுத்தலாம் என்பதே அதன் மறுபக்கம். எட்டு வயதுப் பிள்ளை காலையில் அகரம் எழுதிவிட்டுப் பத்து மணிக்குமேல் புல் பிடுங்கச் செல்வதைச் சட்டம் முறையானதாகவே கருதியது. பள்ளிக்கூடம் பிள்ளையின் நாளுக்கு ஏற்ப அமைக்கப்படவில்லை. தோட்டத்தின் வேலைநேரத்தில் விடப்பட்ட ஓர் இடைவெளிக்குள் பொருத்தப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. அச்சட்டமே ஆண், பெண், பிள்ளை என மூன்று தனித்தனிக் கூலி விகிதங்களையும் வகுத்தது. பிள்ளையின் கூலி மூன்றனுள் கீழானது. தடையும் விலையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

மலாயாவின் நிலையோடு ஒப்பிடுவோர் கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தை நோக்கலாம். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான ஒரே மொழி பேசும் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. வயது வரம்பில் மலாயாச் சட்டம் தாராளமானது. நடைமுறையில் இரு நாட்டுத் தோட்டப் பள்ளிகளும் உடன்பிறப்புகள் போன்றவை. ஒரே அறை, ஓராசிரியர், பல வகுப்புகள், தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்கள், நான்காம் ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. ஆசிரியர் சில இடங்களில் தோட்டத்தின் வேறு பணியையும் சேர்த்துப் பார்த்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நம் வாசகர் பலர்க்கு இது கேட்டுப் பழகிய கதையாகவே இருக்கும். ஏஞ்சலா லிட்டில் 1999 இல் வெளியிட்ட நூல், தோட்டக் கல்வியின் இப்போக்கைத் தோட்டத் தொழிலின் அரசியல் பொருளாதாரத்தோடு இணைத்து விரிவாக ஆராய்ந்துள்ளது.

பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வராமைக்குக் காலனிய அறிக்கைகள் சலிப்பின்றிக் கூறும் காரணம் பெற்றோரின் அக்கறையின்மை. பிற்கால ஆய்வாளர் சிலரும் இக்காரணத்தை ஆராயாமலே ஏற்றுக்கொண்டமை வருந்தத்தக்கது. அவ்வக்கறையின்மையை ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. பெண்ணின் கூலியையும் பெரும்பாலும் கணவனோ தந்தையோதான் சம்பள மேசையில் பெற்றனர். சம்பளத்திலிருந்து அரிசிக்கான தொகை முதலில் கழிக்கப்பட்டது. 1921 இல் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை கங்காணிக் கடனும் குடும்பத்தைத் தொடர்ந்தது. இந்நிலையில் தாய் ஒரு நாள் மலையேறாவிடில் வீட்டின் அரிசி குறையும். அவள் மலையேற வேண்டுமாயின் மூன்று வயதுக் குழந்தையை யாரேனும் பார்க்க வேண்டும். பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். மிலாறு பொறுக்க வேண்டும். மாலையில் உலை வைக்க வேண்டும். அந்த யாரேனும் எட்டு வயது மூத்த மகளாகவே இருந்தாள்.

இதுதான் சட்டம் காணத் தவறிய இடம். 1907, 1920, 1927 ஆகிய மூன்று சட்டங்களும் வேலை என்பதைச் செக்ரோலில் பதியப்படும் வேலையாக மட்டுமே கண்டன. மலையில் கொழுந்து பறித்த சிறுமியைச் சட்டம் கண்டது. லயத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் சுமந்த சிறுமியை அது காணவில்லை. அவள் பள்ளிக்கு வராதபோது எந்த விதியும் மீறப்படவில்லை, துரைமீது வழக்கில்லை, பதிவேட்டில் வராதவள் என்னும் குறி மட்டும் விழுந்தது. தோட்டப் பள்ளிகளில் சிறுமியர் எண்ணிக்கை சிறுவர் எண்ணிக்கையைவிட நெடுங்காலம் குறைவாகவே இருந்தமைக்குப் பழைமைவாதத்தையும் சாதி வழக்கத்தையும் மட்டும் காரணம் காட்டுவது போதாது. அவளது கூலியற்ற உழைப்பின்மீதுதான் தாயின் கூலி நின்றது. தாயின் மலிந்த கூலியின்மீதுதான் தேயிலையின் விலை நின்றது. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்த எட்டு வயதுச் சிறுமியைப் பெற்றோரின் அக்கறையின்மை என்னும் சொற்றொடரால் மூடிவிட முடியாது.

சிறுவனின் நிலை சற்று வேறானது. அவன் பள்ளிக்குச் சென்றிருக்கக் கூடும். பின்னர் அரைப்பேருக்குப் புல் வெட்டவும் சென்றிருப்பான். பிள்ளைகளுக்கென்றே ஒதுங்கிய ஒரு வேலையை இங்குக் குறிப்பிடலாம். தேயிலை இலைகளைச் சுருட்டி உண்ணும் புழுவின் முட்டைத் தொகுதிகளை இலையிலிருந்து கையால் பொறுக்கி அழிப்பது அக்காலத்தில் பெருந்தேவையாக இருந்தது. கூர்ந்த பார்வையும் சிறு விரல்களும் வேண்டும் வேலை அது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியினம் அப்புழுவைக் கட்டுப்படுத்திய பிறகு அவ்வேலை மறைந்தது. பூச்சியியல் நூல்கள் இதனை உயிரியல் கட்டுப்பாட்டின் வெற்றிக்கதையாகப் போற்றுகின்றன. மலையகச் சிறுவர் வரலாற்றிலும் அக்குளவிக்கு ஒரு வரி உண்டு என்பது நம் எண்ணம்.

அந்தி

கொழுந்து நிறுத்து முடிந்தபின் தாய் இறங்கி வருவாள். கூடையின் பாரம், ஈரம் என்று கழித்தது போக எஞ்சிய இறாத்தலே அவள் கணக்கு. பிள்ளைகள் பறித்துத் தாயின் கூடையில் போட்ட கொழுந்து தாயின் பெயரிலேயே நிறுக்கப்பட்டது. ஆகவே ஏடுகளில் அது பிள்ளை உழைப்பாகத் தோன்றாது. அட்டைக்கடியால் குருதி வடியும் கால்களைக் கழுவி, நனைந்த படங்கை அவிழ்த்து, அவள் அடுப்பருகே அமரும்போது இருட்டியிருக்கும்.

இரவுணவே அன்றைய முழு உணவு. சோறும் ஏதேனும் ஒரு கறியும், லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டத்திலிருந்து கீரையும். முதலில் உண்போர் ஆண்கள், பின்னர்ப் பிள்ளைகள், இறுதியில் தாய். 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி சுருங்கக் கோதுமை மாவு அதன் இடத்தை நிரப்பியது. அதே ஆண்டுகளில், அதே அரிசி நின்றமையால், மலாயாத் தோட்டத்துப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கை உண்டனர். ஒரே கரையிலிருந்து புறப்பட்டு இரு திசைகளில் பிரிந்த உறவினரின் பேரப்பிள்ளைகள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே போரின் பசியைப் பகிர்ந்துகொண்டனர்.

மலையகப் பிள்ளையின் வாழ்வை உழைப்பும் பசியும் மட்டுமே நிறைத்தன என்று எழுதுவது எளிது, அது பிழையுமாகும். கிட்டிப்புள்ளும் கோலியும் அங்கும் ஆடப்பட்டன. லயத்து இஸ்தோப்பில் எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் பெரிய எழுத்துக் கதை நூல்களை இராகத்தோடு படிக்கச் சுற்றிலும் பலர் கேட்டனர். பிள்ளையின் முதல் இலக்கியப் பயிற்சி பள்ளியைவிட இங்கேயே நிகழ்ந்தது எனலாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடப்பட்டன. மாசி மாதத்துக் காமன் கூத்து பல நாள்கள் நீளும். இரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவர, உறங்காத கண்களோடு பிள்ளைகள் பின்தொடர்வர். தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி போன்ற தெய்வங்களும் தோட்டத்திலேயே பிறந்தன. தமிழகத்துக் கிராமத்தில் அத்தெய்வம் இல்லை. பிறந்த மண்ணைப் பார்த்திராத பேரக்குழந்தைகளுக்கு ஊர்ப்பெயர், குலதெய்வம், முறைப்பெயர்கள் ஆகிய அனைத்தையும் கற்பித்தவள் பாட்டி. தாய் மலையில் இருந்தமையால், மலையகத்தின் பண்பாட்டுத் தொடர்ச்சி தாய் வழியாக அன்றிப் பாட்டி வழியாகவே மிகுதியும் நடந்தது என்பது நமது துணிபு. தாலாட்டும் ஒப்பாரியும் அங்கு அவ்வளவு செழித்தமைக்கும் இதனோடு தொடர்பு இருக்கலாம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை இக்கோணத்தில் எவரேனும் மீண்டும் ஆராய்வது பயன் தரும்.

வேலுப்பிள்ளையின் பெயரைச் சொன்னதால் மற்றொன்றையும் கூற வேண்டும். 1914 இல் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராகவும் கவிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர் கங்காணிக் குடும்பத்தவர். நகரக் கல்லூரிக் கல்வி அவருக்குக் கிட்டியது. லயத்துக் காம்பராவில் வளர்ந்த சராசரிப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பிற்கு மேலே ஏணி இல்லை. 1945 இல் இலங்கை இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டங்களின் கையிலேயே இருந்தன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பின்னரே அப்பள்ளிகளும் படிப்படியாக அரசின் பொறுப்பிற்கு வந்தன. இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆகவே தோட்டத்தில் பிறந்தும் எழுதக் கற்றோரின் எழுத்துகள் எழுதக் கல்லாதோரின் அன்றாடத்திற்குச் சான்றாகும்போது, அவ்விருவருக்குமிடையே இருந்த தொலைவையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

பதிவேடுகள்

இக்குழந்தையின் பெயர் எங்கெங்கு எழுதப்பட்டது? பிறப்புப் பதிவில், எழுதப்பட்டிருந்தால். பள்ளிப் பதிவேட்டில், வந்திருந்தால். பத்து வயதிற்குப் பின் செக்ரோலில், தவறாமல். நாட்டின் ஏட்டில் அதன் இடம் வேறுவகையில் தீர்மானிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்தமை மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். அதனை ஆவணத்தால் நிறுவ வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், பிறப்பு அறிவிப்பு தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்த சூழல், தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்த குடும்பங்கள் ஆகிய இவற்றிடையே பாட்டனின் பிறப்புச் சான்றை எங்கே தேடுவது? 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் திறந்த வழியும் ஒடுங்கியதே. எட்டு லட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 இல் இரு நாடுகளுக்கிடையே சமமாகப் பகிரப்பட்டது. 1964 ஒப்பந்தத்தில் அந்த எண்ணிக்கைகளோடு சேர்த்து எழுதப்பட்ட ஒரு சொல் உண்டு. ஒப்பந்தத்திற்குப் பிறகு அம்மக்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளை அது இயற்கைப் பெருக்கம் என்று குறித்தது. செக்ரோலிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயராக இருந்த பிள்ளை, இரு அரசுகளின் உடன்படிக்கையில் அச்சொல்லாக இடம்பெற்றது.

அவ்வியற்கைப் பெருக்கத்தினரில் பலர் பின்னர்ப் பெற்றோருடன் மலையிலிருந்து இறங்கித் தலைமன்னார் செல்லும் தொடர்வண்டியில் ஏறினர். வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமில் அவர்கள் பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில் தமிழக அரசு அவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கும் குளிர், அங்கும் வரிசை வீடுகள்; காலையில் கொழுந்து மலைக்குச் செல்லும் தாய், தம்பியோடு வீட்டில் நிற்கும் மூத்த மகள்.